கிணற்றுத் தண்ணீரும் காவிப் பல்லும்

ஆலங்கிணறு,
10-2-1947

அன்பு மகள் சண்முகத்தாய்க்கு அம்மா பிச்சம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, உன் தங்கை செண்பகம், நான் எல்லோரும் திருச்செந்தூர் முருகன் புண்ணியத்தில் சுகம். கொழும்பில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க அவனையே வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நீ ஒளித்து வைத்துப் புகையிலை போடுகிறாய், அதனால்தான் பல்லில் காவி ஏறியிருக்கிறது என்று உன் மாமியார், அதுதான் என் சம்பந்தி மதினி, நாலு பேர் முன்னால் சொன்னதாகவும், தலைப்பிரசவத்துக்கு அந்த ஊருக்கு அனுப்ப மாட்டேன் என்று நிற்பதாகவும் எழுதியிருந்தாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் உலையில் கிடந்த சோற்றை மறந்து குழையவிட்டுவிட்டேன்.

ஏளா, இதைக் கேள். போன மாதம் பள்ளிக்கூடத்தில் பல் சோதனை என்று வாத்தியார் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, செண்பகத்தையும் இன்னும் பதினொரு பேரையும் பல் காவியாயிருக்கிறது, தேய்க்காதவர்கள் என்று வெயிலில் நிற்க வைத்துவிட்டார். நான் நேரே போய், பன்னிரண்டு வீட்டிலுமா சோம்பேறிகள் என்று கேட்டேன். அன்றைக்கு அம்மை குத்த வந்திருந்த டாக்டர் பர்னபாஸ் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, நம் கிணற்றுத் தண்ணீரை இரண்டு சீசாவில் பிடித்து மதராசுக்கு அனுப்பினார். பதில் வந்துவிட்டது. தண்ணீரில் புளோரைடு என்று ஓர் உப்பு பூமிக்குள்ளிருந்தே ஊறி வருகிறதாம். பல் ஈறுக்குள் உருவாகிற வயதில் அதைக் குடித்தால் பல் முளைக்கும்போதே காவியோடு முளைக்குமாம். கொதிக்க வைத்தாலும் அது போகாதாம். நான் ஆத்தூரில் ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள், அதனால் என் பல் வெள்ளை. அதை என் சுத்தம் என்று இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

இதை நான் ஊரெல்லாம் சொல்ல, ஊர்ப் பெரியவர் ஆறுமுகநயினார் அண்ணாச்சி வீட்டு வாசலுக்கே வந்து, ஊர்க் கிணத்தப் பத்தி வெளிய சொன்னா நம்ம பொம்பளப் பிள்ளையள எவன் கெட்டுவான், வாய மூடிக்கிட்டு இரும்மா என்றார். பிள்ளையள் வாயத் தொறந்தாலே பல்லு சொல்லுதே அண்ணாச்சி, நான் மூடி என்ன செய்ய என்றேன். தன் தகப்பனார் வெட்டின கிணற்றைப் பழித்துவிட்டேன் என்று அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். குளிக்க, துவைக்க அந்தக் கிணறு இருக்கட்டும், பிள்ளைகள் குடிக்கக் கூடாது என்பதில் நான் இறங்கி வரமாட்டேன். ஆத்தூரிலிருந்து தூத்துக்குடிக்கு வெற்றிலை ஏற்றிப் போகும் உன் மாமன் வண்டியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாலு குடம் ஆற்றுத் தண்ணீர் வருகிறது. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு முதலில் ஊற்றுகிறேன். முதல் நாள் சிரித்தவர்கள் இப்போது செம்போடு நிற்கிறார்கள். நேற்று அப்பாவும், குடத்துக்கு மூடி போடத் தெரியாதா என்று என்னைத் திட்டினார், பேச்சு வந்துவிட்டது.

ஆகவே பிரசவத்துக்கு நீ இங்கேதான் வருகிறாய். இதுவரை உள்ளதை மாப்பிள்ளையை விட்டு மதினிக்குச் சத்தமாக வாசிக்கச் சொல். என் மகள் புகையிலையைக் கையால் தொட்டதில்லை. இதற்குப் பிறகும் அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் நானே கப்பலேறி வருவேன்.

கீழே உள்ளது உனக்கு மட்டும். தேய்த்தால் போகுமா என்று டாக்டரிடம் கேட்டேன். அது அழுக்கில்லை அம்மா, எதை வைத்துத் தேய்த்தாலும் போகாது என்றார். நீ சிறுபிள்ளையாயிருந்தபோது உன் தாடையைப் பிடித்து நிறுத்திச் செங்கல் பொடியால் ரத்தம் வரத் தேய்த்தேன். வலிக்குதும்மா என்று அழுதாய். சோம்பேறி என்று அறைந்தேன். நான் செய்தது தப்பு மகளே. மதினி இன்று உன் மேல் போடும் பழியை முதலில் போட்டவள் நான்தான்.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நீயும் பிள்ளையும் நெடுநாள் வாழ வேண்டும். ஏழாம் மாதம் முடிவதற்குள் புறப்பட்டுவிடு, தனியாகக் கப்பலேறாதே, மாப்பிள்ளை கூட வரட்டும். இறங்கும்போது சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு இறங்காதே. நான் துறைமுகத்தில் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பிச்சம்மாள்