மெல்லலாம், விழுங்கக்கூடாது

நவம்பர் 4, திங்கள்

பனிப்புகார். ஜேர்மனியில இந்த ஹம் ஸ்டேஷனில எதிர்ப் பிளாட்போமே தெரியேல்லை. ட்ரெயின் பிந்தி.

வேலை: மத்தியானம் நாலு தட்டு. அதே சிவப்பு லைட். இறைச்சியின்ர நிறத்தைப் பாத்து நாங்கள் முடிவெடுத்திடக்கூடாதாம், அதுக்குத்தான் சிவப்பு. ஆளுக்கொரு சின்ன அறை. முன்னால சுவரில குட்டிக் கதவு, அதால தட்டைத் தள்ளிவிடுவினம். ஆர் தள்ளுறதெண்டு முகம் தெரியாது. மாட்டிறைச்சி, உப்புமில்லை, தூளுமில்லை, சதுரமா ஒரு துண்டு. மென்று பாத்து எவ்வளவு மெதுவெண்டு நம்பர் போடவேணும். செருப்புத்தோலெண்டா ஒண்டு. வெண்ணெயெண்டா எட்டு. பேந்து பாண், தண்ணி, அடுத்த தட்டு.

எங்கட நம்பரை வச்சுத்தான் கடை இறைச்சியில 'மெது' எண்டு சீட்டு ஒட்டப்போகினம். என்ர மனிசன் ஜோர்ஜுக்கு இது பெரிய பகிடி. "சனம் மாட்டு நோய்க்குப் பயந்து இறைச்சிப் பக்கமே போகுதில்லை, உங்கட சீட்டை ஆரப்பா பாக்கிறது?"

வீட்டுக்கு வந்ததும் போன் மெஷினைப் பாத்தன். ஒரு மெசேஜ். பல் டொக்டரின்ர, வரவேண்டிய நாள் சொல்லி. தம்பியின்ர இல்லை.

நவம்பர் 5, செவ்வாய்

தூறல். சரியான குளிர்.

சிவப்பு வெளிச்சத்தில இருந்து மெல்லேக்க கண் தானாச் சொருகுது. பக்கத்து அறையில என்னோட வேலை செய்யிற ஊவே மெல்லுற சத்தம், பனியில ஆரோ நடக்கிற மாதிரி. நறுக், நறுக். உடன தம்பி வந்திடுவான். பெரிய காடு, அவன் ஆக்களுக்குப் பின்னால கடைசியா நடக்கிறான், தொப்பி இல்லை. தொப்பி போடடா எண்டு சொல்ல வாய் திறந்தா வாய்க்குள்ள இறைச்சி.

தம்பி அமலன் இஞ்ச வாற வழியில கடைசியாக் கதைச்சது மொஸ்கோவில இருந்து. "நாளைக்கு வெளிக்கிடுறம், அக்கா." என்ர வீட்டு நம்பர், வேலை நம்பர் ரெண்டையும் பாடமாக்கிச் சொன்னவன். அது கோடையில. இப்ப மரத்தில ஒரு இலை இல்லை. காசு வாங்கி எல்லை கடத்திற ஏஜென்சிக்காரன் போனே எடுக்கிறானில்லை, நாசமாப் போவான்.

அப்ப வச்ச நேர்த்தி: மடு மாதாவே, அவன்ர குரலை என்ர காதால கேக்கும் வரைக்கும் இறைச்சி என்ர தொண்டையால இறங்காது.

தொண்டையால எண்டுதானே சொன்னனான். அதால மெல்லுறன், விழுங்கிறதில்லை. கடுதாசிக் கோப்பையில துப்பிறன். துப்ப விடுவினம், அது பிழையில்லை. ஆனா கடைசிக் கேள்வி ஒண்டு இருக்கு: விழுங்கின பிறகு வாயில என்ன மிஞ்சுது? அதுக்கு இவ்வளவு நாளும் குத்துமதிப்புத்தான். ஜோர்ஜ் சொல்லுறார், நான் மாதாவோடயே சட்டம் பேசி அப்புக்காத்து வேலை பாக்கிறனாம்.

நவம்பர் 6, புதன்

வாங்க: பால், பருப்பு, தேசிக்காய், குசினிக்குப் பல்ப்.

நேர்த்தி விஷயத்தைச் சேர்ச்சுச் சுவாமியிட்டப் போனில கேட்டன். மென்று துப்பினா முறிஞ்சதோ, இல்லையோ? "எனக்குத் தெரியேல்லை, பிள்ளை" எண்டார். பேந்து, "எந்த இடத்து இறைச்சி?" எண்டு கேட்டார். தொடை எண்டன். "ம்" எண்டார். அவ்வளவுதான்.

வேலையில ஃப்ரௌ வேபர், எங்கட பொறுப்பாளர், எல்லாரையும் கூப்பிட்டா. வெள்ளிக்கிழமை வெளியில இருந்து ஒருத்தர் எங்களைச் சோதிக்க வாறாராம். ஒரே துண்டை ரெண்டு தரம், வேற வேற தட்டில, சொல்லாமல் தருவினம். ரெண்டு தரமும் ஒரே நம்பர் வரவேணும். வந்தாத்தான் எங்கட வாய்க்குச் சான்றிதழ், வாய்க்குக் கிடைச்சாத்தான் சீட்டு. என்னைப் பாத்து, "நீங்கள் ஒருக்காலும் மாறினதில்லை" எண்டா. சந்தோசமாத்தான் இருந்தது. பொய் ஏன்.

நவம்பர் 7, வியாழன்

விடியப்புறம் கனவு. சிவப்பு அறை. குட்டிக் கதவு திறக்குது, தட்டு இல்லை, ஒரு கை. நகம் கடிச்ச விரல், அவன்ர விரல்தான். பிடிக்கப்போறன், கதவு மெல்ல மெல்லச் சாத்துது. எழும்பி இருந்தன். ஜோர்ஜ் இருட்டுக்குள்ள, "போன் அடிச்சதோ?" எண்டார். மனிசனும் நித்திரை இல்லாமல்தான் கிடக்கு. பகல் முழுக்கப் பகிடி.

ட்ரெயினில முன்சீற்றில எங்கட தமிழ்ப் பெடியள் ரெண்டு பேர். "காட்டுக்குள்ள விட்டிட்டு ஓடிட்டாங்களாம், விறைச்சு..." என்னைக் கண்டிட்டு நிப்பாட்டினாங்கள். ஒருத்தன் எழும்பி, "இருங்கோ அக்கா" எண்டான். இடம் கனக்க இருந்தது.

அவன் இல்லையெண்டா...

இதை எழுதக்கூடாது.

நவம்பர் 8, வெள்ளி

புகார் விட்டிட்டுது. வெயில் கூட.

சோதினைக்காரர் உயரம், இருமல். முதல் தட்டு ஆறு. ரெண்டாவது சரியான நார், மூண்டு. துப்பினன். மூண்டாவது வர முதல் பின்கதவில தட்டுது. ஒருத்தரும் எழும்பக்கூடாதெண்டு சொன்ன ஃப்ரௌ வேபர்தான் நிக்கிறா. "போன். உங்கட சகோதரன் எண்டு சொல்லுறார்."

ஓடிப்போய் போனை எடுத்தன்.

"அக்கா."

ரிசீவரை ரெண்டு கையாலயும் காதோட அமத்தினன்.

"அக்கா, நான்தான். போலந்தில பொலிசுக்காரர் பிடிச்சு வச்சிருந்தவை. இப்ப காம்பில விட்டிருக்கினம். கால் மட்டும் கொஞ்சம் வீக்கம்."

மாசக்கணக்கா யோசிச்சு வச்ச கேள்வி எல்லாம் எங்க போச்சுதோ. "சாப்பிட்டியோடா?" எண்டுதான் வந்தது.

"ஓம், சூப். நீங்கள் சாப்பிட்டியளே?"

"இல்லையடா. இனித்தான்."

அவன்ர போன் கார்ட் முடிஞ்சுது.

திரும்பிப் போய் இருந்தன். குட்டிக் கதவு திறந்தது, தட்டு வந்தது. வாயில வச்சன். கண்ணீர் ஓடி வாய்க்குள்ள போகுது, முதன்முதலா இறைச்சியில உப்பு. மென்றன். விழுங்கினன். மாதாவே, இறங்கிச்சுது. வாயில என்ன மிஞ்சுது எண்ட கேள்விக்கு, ஒண்டுமில்லை. எட்டுப் போட்டன்.

பின்னேரம் சோதினைக்காரர் கடுதாசியோட வந்தார். என்ர ரெண்டாந்தட்டும் மூண்டாந்தட்டும் ஒரே துண்டாம். மூண்டும் எட்டும் எப்பிடி வந்தது?

"பசிச்சது" எண்டன்.

என்ர நம்பரை விட்டிட்டு மிச்சப்பேருக்குச் சான்றிதழ் குடுப்பினமாம். நான் திரும்பப் பழகவேணும். ஃப்ரௌ வேபர் மெதுவா, "போன் வந்ததை எழுதுவம், அந்த எட்டை எடுத்துப்போட்டு வேற நாள் திரும்பச் செய்யலாம்" எண்டா. பாவம், நல்ல மனிசி. வேண்டாமெண்டிட்டன். அது எட்டுத்தான்.

ஜோர்ஜுக்கு வீட்டை வந்து சொன்னன். குசினிக்குள்ள போய்ப் பல்ப் மாத்தினார், கனநேரம் மாத்தினார்.

நாளைக்கு வாங்க: மாட்டிறைச்சி ஒரு கிலோ. சீட்டு இல்லாததெண்டாலும் பரவாயில்லை.