திக்குவாய் ஆடு கம்புசி

சோம்பா,
3 ஜூன் 2014

என் அன்புத் தோரிக்காவுக்கு,

நலமா? மங்கோச்சியில் ஏரிக்காற்று இப்போது எலும்பைத் துளைக்குமே, சளித் தொந்தரவு இல்லையே? போன் அடித்தால் நீ எடுக்கமாட்டாய், அதனால்தான் பேனா. போன மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. ஓய்வுபெற்ற நர்ஸுக்கு அப்படி என்னடி வேலை?

நம் கம்புசி புத்தகத்துக்கு முப்பது வயதாகிறது! ஆகஸ்டில் விழா எடுக்கிறார்கள். சின்ன வயதில் படித்தவர்கள் எல்லாம் இப்போது தங்கள் பிள்ளைகளோடு வரப்போகிறார்கள். மூன்று தரம் குளம்பைத் தட்டினால்தானே கம்புசிக்குப் பேச்சு வரும்? போன வாரம் மினிபஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, காலால் மூன்று தட்டு தட்டி, "எ-எ-எறங்குறவங்க எறங்குங்க!" என்றான். பஸ்ஸே சிரிப்பில் குலுங்கியது.

உனக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். உன் கல்யாணத்தில் தோழியாக நின்றவள் கூப்பிடுகிறேன். வந்துவிடு.

என்றும் உன்
எனெலெசி

---

மங்கோச்சி,
14 ஜூன் 2014

எனெலெசிக்கு,

சளி இல்லை. சம்போ மீன்தான் இந்த வருஷம் கண்ணிலேயே படவில்லை. கடைக்குட்டி ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டாள்.

விழாவுக்கு நான் வரவில்லை. ஏன் என்று திரும்பக் கேட்டு எழுதுவாய், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உன் புத்தகம் வந்த வருஷம் நான் பிரசவ வார்டில் இருந்தேன். வலியில் துடித்த ஒருத்தியிடம் மூச்சை விடச் சொல்லவேண்டும். வார்த்தை தொண்டையில் நின்றது. காலால் தரையில் மூன்று தரம் தட்டினேன். அந்த வலியிலும் அவள் சிரித்துவிட்டாள். "அய்யோ சிஸ்டர், நீங்க அப்படியே கம்புசிதான்!"

அன்றிலிருந்து வார்டில் என் பெயர் சிஸ்டர் கம்புசி. பாசமாகத்தான் கூப்பிட்டார்கள், ஓய்வு பெறும்வரை இருபத்தாறு வருஷம். நான் தட்டுவதை விட்டேன். தட்டாவிட்டால் எனக்குப் பேச்சு வராது, உனக்குத் தெரியும். பேச்சையும் குறைத்துக்கொண்டேன்.

வைசன் இறந்தபோது, மனைவி என்ற முறையில் தேவாலயத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீ கேட்டாய், சொன்னேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தோரிக்கா

---

சோம்பா,
2 ஜூலை 2014

தோரிக்கா,

உன் கடிதத்தைப் பத்து நாளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். ஆட்டுக்கு அந்தத் தட்டு தற்செயலாக அமைந்தது என்று இரண்டு தரம் எழுதிக் கிழித்துப் போட்டேன். பொய்.

உன் கல்யாணத்தன்று தேவாலயத்துப் பின்னறையில் "சம்மதம்" என்ற ஒரு சொல்லை நீ ஒத்திகை பார்த்தாய். மூன்று தட்டு, பிறகு சொல். வியர்த்துக் கொட்டியது உனக்கு. "யார்கிட்டயும் சொல்லிடாதடி" என்றாய். "செத்தாலும் மாட்டேன்" என்றேன். உன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, இது எவ்வளவு நல்ல கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சென்ற வியாழன் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசப் போனேன். "எங்ககிட்ட நெஜக் கம்புசியே இருக்கா மேடம்!" என்று ஆசிரியர் ஒரு சிறுமியை முன்னால் தள்ளிவிட்டார். ஒன்பது வயதிருக்கும். பிள்ளைகள் எல்லாரும் "தட்டு! தட்டு!" என்று தரையை உதைத்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். நான் கைதட்டினேன். உன் கடிதம் பைக்குள் இருக்கிறது, என் கை தட்டுகிறது.

விழா மேடையில் உன் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். புதுப் பதிப்பை நிறுத்தச் சொல்கிறேன். இந்த மாதம் ஏதாவது ஒரு ஞாயிறு அங்கே வரட்டுமா? உன் முகத்தைப் பார்க்க முடியுமா தெரியவில்லை. ஆனாலும் வருகிறேன்.

எனெலெசி

---

மங்கோச்சி,
9 ஜூலை 2014

எனெலெசிக்கு,

மேடையில் என் பெயரை எடுக்காதே. ஒரு வார்டுக்குத் தெரிந்ததை நாட்டுக்கே சொல்லப் போகிறாயா? நீ அழுவாய், எல்லாரும் உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

புத்தகத்தையும் நிறுத்தாதே. என் பிள்ளைகள் அதைக் கிழியக் கிழியப் படித்தவர்கள். சிறுத்தை வருகிறது என்று கம்புசி திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கும்வரை எல்லா ஆடும் காத்து நிற்குமே, அந்த இடம் வந்தால் கடைக்குட்டி மூச்சுக்கூட விடமாட்டாள். நான் அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன். நீ நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். பிள்ளைகளிடமிருந்து அந்த ஆட்டைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

அந்தச் சிறுமியிடம் போ. விழாவுக்கு முன்னால் போ. அவள் ஏதாவது சொன்னால், முடிக்கும்வரை உட்கார்ந்திரு.

இங்கே வராதே. புத்தகத்தை மன்னித்து வெகுநாளாகிறது. உன்னை மன்னிக்க முயன்று பார்த்தேன், முடியவில்லை. கடிதமும் இனி வேண்டாம்.

தோரிக்கா

---

சோம்பா,
25 ஜூலை 2014

தோரிக்கா,

வேண்டாம் என்றாய், ஆனாலும் எழுதுகிறேன். இது ஒன்றுதான்.

போனேன். அவள் பெயர் தியோங்கே. இனி அவளைக் கம்புசி என்று கூப்பிடாதீர்கள் என்று ஆசிரியரிடம் சொன்னேன். "சும்மா வெளையாட்டுக்குத்தானே மேடம்?" என்று சிரித்தார். உன்னை நினைக்கும்போதெல்லாம் நானும் எனக்குள் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாமரத்தடியில் அவளோடு உட்கார்ந்தேன். மணி அடித்துப் பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. வெகுநேரம் கழித்துச் சொன்னாள்:

"எ... எனக்கு அந்த ஆ... ஆட்டைப் பிடிக்கவே பிடிக்காது."

முப்பது வருஷத்தில் ஒருவரும் என்னிடம் இதைச் சொன்னதில்லை. அவள் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் விழாவுக்கு நான் போகப்போவதில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பிவிட்டேன். உண்மையான காரணத்தைச் சொல்ல இப்போதும் எனக்குத் தைரியம் வரவில்லை.

எனெலெசி