இடம் போதாத தலை

செப். 12, 2006. செவ்வாய்

வெயில். திருத்தங்கலில் இன்றும் குழாயில் தண்ணீர் இல்லை. மகள் நிவிக்குக் காலையில் மறுபடி தலைவலி, வாந்தி. எடுத்ததும் தெளிந்து இட்லி கேட்டாள். ஏழு வயதுப் பசி. கீழே எங்கள் பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் ஓடுகிறது. மை வாடைதான் காரணம் என்று போன மாதமே கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினோம். வலி மாறவில்லை.

தூக்கத்தில் அவள் இமை முழுதாக மூடாது. வெள்ளை தெரியும். வாங்க: கண் களிம்பு, பஞ்சு, துவரம்பருப்பு.

செப். 13. புதன்

மதுரை. ஸ்கேன். இரண்டு கண்ணிலும் நரம்பு வீக்கம். இடது கண்ணில் பார்வை குறைந்திருக்கிறது. டாக்டர்: "மண்டையோட்டு எலும்புக்கு நடுவுல இருக்கிற தையல் சின்னதிலேயே ஒட்டிக்கிருச்சும்மா. மூளை வளருது, ஓடு இடம் விடலை. அந்த அழுத்தம் கண் நரம்பையும் நெருக்குது. விட்டா பார்வை போயிரும், திரும்பாது." ஓட்டைப் பெரிதாக்கத் தலையில் ஆபரேஷன். திங்கட்கிழமை சேர்க்க வேண்டும்.

கல்லூரியில் அந்தத் தையல்களைப் படம் போட்டுப் பெயர் குறித்திருக்கிறேன். இன்று ஒரு பெயரும் ஞாபகம் வரவில்லை.

பஸ்ஸில் நிவி: "வீட்டுக்கு மாடி எடுக்கிற மாதிரி எனக்கும் எடுப்பாகளாம்மா?"

ஆமாம் என்றேன்.

செப். 14. வியாழன்

வீட்டுக்காரர்: "தீபாவளி லோடு போயிரட்டும். சீசன்ல நான் எப்பிடி நகர?"

அவருடைய அக்காவுக்கு வேறு கவலை. நிவி முடி குலசாமிக்கு நேர்ந்தது. தீபாவளி கழித்து, கிடா வெட்டி, மொட்டை. ஆஸ்பத்திரியில் அதைச் சிரைத்துவிடுவார்கள்.

"சாமி முடியக் குப்பையில போடுவாக. புள்ளைக்கு ஆயுசு வேணாமா?"

"கண்ணும் வேணும் மதினி."

"அம்புட்டுப் படிச்சது சாமிகிட்ட மல்லுக்கட்டத்தானா?"

ஞாயிற்றுக்கிழமையே முடி இறக்குவோம், கிடா பிறகு என்றேன். இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, நிவி தவிர.

செப். 17. ஞாயிறு

மேகமூட்டம். வெம்பக்கோட்டை, குலசாமி கோவில். மதினி வந்தார், முகம் கொடுக்காமல். நிவி அப்பா செல்போனும் கையுமாக.

நாவிதர் தலையை நனைத்ததும் நிவி: "பாத்துண்ணே. உள்ள இடம் பத்தல."

"ஏ ஆத்தா, இந்த வாய்க்கே இன்னொரு மண்டை வேணும்."

முடி விழ விழத் தெரிந்தது. காதிலிருந்து காதுவரை, உச்சி வழியாக, வரப்பு மாதிரி ஒரு மேடு. ஒரு வயது மொட்டைக்குப் பிறகு யாரும் அந்தத் தலையைப் பார்க்கவில்லை. மதினி சந்தனம் பூசினார். மேட்டில் விரல் நின்றது.

"வலிக்குதா தாயி?"

"காலைல மட்டும் அத்தை."

அவர் செல்போன் அடித்தது. எடுக்கவில்லை. "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றார் என்னிடம்.

செப். 21. வியாழன்

ஆபரேஷன். காலையில் உள்ளே, மாலையில் வெளியே. முகமெல்லாம் வீங்கி இரண்டு கண்ணும் மூடிவிட்டன. அவள் இமை முழுதாக மூடி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வீக்கம் வடிந்த பிறகே பார்வையைப் பற்றிச் சொல்ல முடியுமாம். மதினி ஊரிலிருந்து துணி, பிளாஸ்க், திருநீறு அனுப்பியிருக்கிறார்.

செப். 24. ஞாயிறு

மழை. வலது கண் நேற்றுத் திறந்தது. இடது இன்று, கீற்றாக. டாக்டர் வரும்வரை பொறுக்க முடியவில்லை. வலது கண்ணைக் கையால் மறைத்தேன். அப்போதுதான் அவர் கீழே கேண்டீனிலிருந்து வந்து கால்மாட்டில் நின்றார்.

"அப்பா சட்டை என்ன கலர் நிவி?"

வெகுநேரம் பார்த்தாள்.

"வெள்ளை. பாக்கெட்டுக்குக் கீழ டீ கொட்டியிருக்கு. திட்டாதம்மா."

கறையை நானும் அப்போதுதான் பார்த்தேன்.