என் இணையத்தளம் பவானியை உள்ளே விடவில்லை

என்னைத் தவிர வேறு யாரிடமும் கோபப்படத் தெரியாத என் அண்ணாவுக்கு,

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிவிட்டது. இத்தனை நாளில் ஒரு வரி எழுதாதவள் இன்று மட்டும் ஏன் எழுதுகிறாள் என்று கேட்பாய். கோபத்தில் எழுதுகிறேன். யார் யார் மேல் கோபம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதில் நீயும் இருக்கிறாய். எல்லாரையும்விட அதிகமாக நான் இருக்கிறேன்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் நம் அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில் நீ ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இன்னும் நடக்கிறது. பிறப்புக் காகிதம் இல்லை என்று பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பிய பிள்ளைகளை நீ வீடு வீடாகப் போய்க் கூட்டி வருவாய், நான் மலாயும் கணக்கும் சொல்லிக்கொடுப்பேன். இப்போது பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் வருகிறார்கள். இலவச டியூஷன் என்று யாரோ வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான், கூட்டம் தாங்கவில்லை. நம்மிடம் இருப்பதோ முப்பது நாற்காலி.

நீ பெயர் எழுதி வைத்த, சட்டைப் பைக்குள் அடங்கும் 555 நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். “சி பிளாக் ரெட்டைச் சடை”, “பெரிய காது தம்பி, தங்கச்சியும் வரும்” என்று எழுதி வைத்திருக்கிறாய். இதை வைத்துக்கொண்டு நான் யாரைத் தேடுவேன், சொல்? உனக்கு எல்லாம் மனதில் இருந்தது. மனதை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அதனால் நானே ஓர் இணையத்தளம் கட்டினேன். சிரிக்காதே. பிரிக்பீல்ட்ஸில் கப்பல் சரக்குக்குப் பத்திரம் தயாரிக்கிற அலுவலகத்தில் இருபது வருடமாகக் கிராணியாக எழுத்து வேலை பார்க்கிறவள்தான், நாற்பத்தாறு வயதுதான், இருந்தாலும் கட்டினேன். காலையும் மாலையும் கொமுட்டர் ரயிலில் காணொளி பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். வகுப்பு நேரம், வரும் வழி, ஒரு படம். படத்தின் ஓரத்தில் வாழைப்பழச் சீப்போடு நீ நிற்கிறாய். ஆனால் அதில் படிக்கத்தான் முடியும், பெயர் பதிய முடியாது. பதிய வேண்டுமென்றால் டேட்டாபேஸ் வேண்டும்.

டேட்டாபேஸ் என்றால் உனக்கு எப்படிச் சொல்வது? செலாயாங் மொத்தச் சந்தையில் முப்பது வருடம் காய்கறிக் கூடை இறக்கியவன் நீ. ஒவ்வொரு கூடையிலும் ஒரு முதலாளியின் அடையாளம் சாயத்தில் எழுதியிருக்கும், அதைப் பார்த்துத்தானே எந்தக் கடைக்கு என்று தள்ளுவாய்? இதுவும் அப்படித்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அடையாளம். அந்த அடையாளம் இல்லாத வரியை அது உள்ளே எடுக்காது.

மூன்று வாரம் மண்டை காய்ந்தது. ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனதற்கு ஒரு சனிக்கிழமை முழுதும் போனது. இன்னொரு நாள் சோதனைக்குப் போட்ட ஒரு பெயரை அழிக்கப் போய், எந்தப் பெயரை என்று சொல்ல மறந்து, மொத்தத்தையும் துடைத்துவிட்டேன். நல்லவேளை, அதில் இருந்தவர்கள் எல்லாரும் நான் கற்பனையில் பெற்ற பிள்ளைகள்.

அந்த அடையாளமாக எதை வைப்பது என்று புரியாமல், பக்கத்து மேசை மெய் லிங்கைக் கேட்டேன். கல்லூரியில் இதைக் கொஞ்சம் படித்தவள். தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாள், அடையாள அட்டை இருக்கிறதே, அந்த ஐ.சி. நம்பரைப் போடு, இந்த நாட்டில் எல்லாருக்கும் ஒன்று இருக்கும், ஒருவருடையது இன்னொருவருக்கு இருக்காது என்று. அட, இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று நினைத்தேன். நான் நினைத்தேன், அண்ணா. உன் கூடப் பிறந்த நான்.

அதோடு விட்டேனா? ஐ.சி. நம்பர் பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறில் பிறந்த தேதி, அடுத்த இரண்டில் பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். நம்பரைத் தட்டினால் வயதைக் கணக்கிட்டு எந்தப் பிரிவு என்று தானாகக் காட்டும்படி செய்தேன். நம்பர் இல்லாவிட்டால் ‘அடையாள எண் செல்லாது’ என்று வரும். அதற்குச் சிவப்பு நிறம் தேர்ந்தெடுத்ததும் நான்தான். இணைப்பை அனுப்பிய இரண்டு நாளில் இருபத்தேழு பெயர் சேர்ந்துவிட்டது. கொமுட்டரில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்து திறந்து பார்த்து நானே சிரித்துக்கொண்டேன். எதிரில் இருந்த மலாய்க்கார மக்சிக் அம்மா என்ன நினைத்தாரோ தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு பவானி வரவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும், முன்வரிசை, ஒன்பது வயது, மற்றவர்கள் ஒரு பக்கம் முடிப்பதற்குள் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறவள். அவளுக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது. வாரத்தில் அவள் படிக்கிற மூன்று மணி நேரம் நம்மிடம் படிப்பதுதான். அதற்கடுத்த ஞாயிறும் அவள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளுடைய அம்மா மாலா என்னைக் கூப்பிட்டாள். சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவுகிற நேரத்தில் பேசினாள்.

“அக்கா, பவானி பேரு உள்ள போவ மாட்டேங்குது. மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன்.”

“ஐ.சி. நம்பர் சரியா போட்டியாமா?”

அவள் குழாயை மூடினாள்.

“அவளுக்குத்தான் பொறப்பு சூராட்டே இல்லையேக்கா. அந்தக் காகிதம் இல்லாம நம்பருக்கு எங்க போறது.”

இப்போது நான் என்ன சொன்னேன் என்று கேள். சாப்பிட்டுக்கொண்டே, ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னேன்.

“அப்ப சிஸ்டம் ஏத்துக்காதுமா. நான் என்ன செய்யுறது.”

பரவாயில்லைக்கா, எங்களுக்கு இது பழக்கம்தான் என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். அவள் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தாலாவது எனக்கு உறைத்திருக்கும். நான் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன்.

அன்று சாயங்காலம் சென்ட்ரலில் ரயிலேறி சுபாங் தாண்டும்போதுதான் நான் சொன்னது எனக்கே காதில் விழுந்தது. இதே வார்த்தையை மலாயில் எத்தனை பதிவு அலுவலகக் கவுண்டரில் நீயும் நானும் நின்று கேட்டிருக்கிறோம்? கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் டிஷ்யூ நீட்டினாள்.

ஒரே அம்மா, ஒரே அப்பா. நீ எஸ்டேட் வீட்டில் பிறந்தாய், யாரும் பதியவில்லை. நான் கிள்ளான் ஆஸ்பத்திரியில் பிறந்தேன், காகிதம் தானாக வந்தது. அதில் என் சாமர்த்தியம் என்ன இருக்கிறது? அதற்காக எனக்குப் பள்ளிக்கூடம், குடிமக்களுக்கான நீல அட்டை, வேலை, ஓட்டு. உனக்கு என் பழைய பாடப்புத்தகம். முப்பத்து நான்கு வயதில் ஒரு சிவப்பு அட்டை கொடுத்தார்கள், இருந்துகொள் ஆனால் நீ எங்கள் ஆள் இல்லை என்று சொல்கிற மாதிரி. நீ போன மறுநாள் உன் மரணச் சான்றிதழை வாங்கப் போனேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நீ பிறந்ததற்குச் சாட்சி கேட்டு ஆயுசு முழுக்க அலையவிட்டவர்கள், நீ செத்ததை ஒரு மணி நேரத்தில் நம்பிவிட்டார்கள்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். ஏன் ஒரு நாளாவது நீ குரலை உயர்த்தவில்லை? விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது தெரிமா காசே என்று நன்றி வேறு சொல்லுவாய். வெளியே வந்து நான் கத்தினால், பசிக்குது லா, வா சாப்பிடலாம் என்பாய். நீ பொறுத்துப் பொறுத்து அவர்களுக்கும் பழகிவிட்டது, எனக்கும் பழகிவிட்டது. இல்லாவிட்டால் அந்த ஒரு கட்டத்தை எல்லாருக்கும் கட்டாயம் என்று கை கூசாமல் போட்டிருப்பேனா? கவுண்டரில் இருப்பவர்களுக்காவது மேலிடத்து உத்தரவு என்று ஒரு சாக்கு இருக்கிறது. எனக்கு யார் உத்தரவு போட்டது?

மறுநாள் மெய் லிங்கிடம் நடந்ததைச் சொன்னேன். அவளுக்கும் முகம் வாடிவிட்டது. காகிதம் இல்லாத பிள்ளைக்குப் பன்னிரண்டு சுழியம் போட்டுவிடு என்று யோசனை சொன்னாள். போட்டேன், பவானி உள்ளே போய்விட்டாள். பிறகு பவானி குடியிருக்கும் மாடியிலேயே இருக்கிற ஒரு பையனுக்கும் பன்னிரண்டு சுழியம் போட்டேன். ‘இவர் ஏற்கெனவே இருக்கிறார்’ என்று வந்தது. காகிதம் இல்லாத பிள்ளைகள் எல்லாரும் அதற்கு ஒரே ஆள். நான் மேசையைத் தட்டியதில் மெய் லிங்கின் தேநீர் கொட்டிவிட்டது. கடைசிச் சுழியத்தை ஒன்று என்று மாற்றினால் போய்விடும் என்று அவள் துடைத்துக்கொண்டே சொன்னாள். பொய் நம்பர் கொடுத்து உள்ளே அனுப்ப பிள்ளைகள் என்ன கள்ளச் சரக்கா என்று கேட்டேன். பாவம், அவள் மேல் எரிந்து விழுந்திருக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்துவிடலாம் என்று பார்த்தால் முடியவில்லை. வருகைப் பதிவு, வயதுப் பிரிவு என்று எல்லாமே அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றன. சரி போ என்று முழுவதையும் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டினேன். இப்போது பெயரைப் போட்டாலே போதும், ஒன்று, இரண்டு, மூன்று என்று தளமே ஒரு நம்பர் கொடுக்கும். வயதை அம்மாவிடமே கேட்கிறேன். அம்மாவைவிட யாருக்கு அது நன்றாகத் தெரியும்? ஐ.சி. கேட்கிற கட்டமே கிடையாது. பழைய இருபத்தேழு பெயரையும் திரும்ப ஏற்றி முடிக்கச் சாயங்காலம் நாலு மணியாகிவிட்டது.

மறுநாள் காலையில் மாலா வீட்டுக்குப் போனேன். எட்டாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே மன்னித்துக்கொள் என்றேன். அவள் தண்ணீர் எடுத்து வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“வகுப்ப மூடிட்டாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்க்கா. இவள மட்டும் சேக்கலன்னு எப்படிச் சொல்றது.”

பவானியைக் கூப்பிட்டு, வகுப்பு மூடவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். என் கைப்பேசியைக் கொடுத்து அவளையே பெயரை எழுதச் சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினாள். ‘பதிவு எண் 28’ என்று வந்தது. இது எனக்கா என்று கேட்டாள். உனக்குத்தான், வேறு யாருக்கும் இந்த நம்பர் கிடையாது என்றேன். ஓடிப்போய்ப் பேனா எடுத்து வந்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பிறகு கையைப் பார்த்தபடியே என்னைக் கேட்டாள்.

“ஆன்டி, இந்த நம்பர ஸ்கூல்ல காட்டுனா சேத்துக்குவாங்களா?”

மாலா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய், அண்ணா? இப்போதைக்கு இல்லமா என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாயா?

திங்கட்கிழமை மாலாவோடு பிறப்புப் பதிவுக் கவுண்டருக்குப் போகிறேன். பிரசவத்துக்குக் கூட இருந்த எதிர்வீட்டு அம்மா சாட்சி சொல்ல வருகிறார். சிஸ்டம் ஏற்காது என்று சொன்னால், எந்தக் கட்டம் ஏற்கவில்லை, அதைக் கட்டாயம் என்று போட்டவர் யார், அவரைக் கூப்பிடுங்கள் என்று கேட்பேன். அந்தக் கட்டம் வானத்திலிருந்து விழவில்லை. என்னைப்போல் ஓர் ஆள் உட்கார்ந்து போட்டதுதான். போட்டவரால் எடுக்கவும் முடியும். எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை போதுமாக இருந்தது. அவர்களுக்கு எத்தனை வெள்ளிக்கிழமை வேண்டும் என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்காருவேன். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வர மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்து, உனக்குக் கிடைக்காத அட்டையோடு நடமாடுகிற
உன் தங்கை சுமதி