கால்வாய்ப் பாலத்தின் மாதிரி

மயிலாப்பூர்
9-8-1946

அன்புள்ள மகன் காஸ்பருக்கு, அப்பா ஞானதாஸ் எழுதுவது. ஆண்டவர் காவலில் இங்கே மூவருக்கும் உடம்புக்குக் குறைவில்லை, ஜாம்ஷெட்பூரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை மர்சலின் எழுதுகிறாள். ஆடிப் பதினெட்டு அன்று திருவான்மியூர்ப் பக்கம், நான் மாதிரி செய்துகொடுத்த மரப்பாலம் கூட்டத்தோடு கால்வாயில் விழுந்துவிட்டது, நாலு பேர் செத்தார்கள், நமக்கு வெள்ளிதோறும் மீன் கொண்டுவரும் தேவானை அதில் ஒருத்தி. மட்டமான மரம் போட்டதாக, அதைக் கட்டிய கோதண்டபாணி மேஸ்திரியைப் போலீசார் பிடித்து வைத்திருக்கிறார்கள். திங்களன்று விசாரணை, நான் சாட்சி. அடிக்கு ஓர் அங்குலமாகச் செய்த மாதிரி ஒரு ராத்தல் எடை, நாற்பது ராத்தல் மணல் வரை தாங்கியது என்று முன்பே எழுதியிருந்தேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் பன்னிரண்டு மடங்கானால் மரம் ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு மடங்கு, தாங்குவதும் அத்தனை மடங்கு, அறுநூறு பேருக்குமேல் நிற்கலாம், அன்று ஏறியது எழுபது பேர்தான். வரைபடம் புரியாத பெரிய மனிதர்கள்கூட மாதிரியை விரலால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார்கள். என் மனதில் இருந்த பாலம் அதுதான், அதில் குற்றமில்லை, ஆகவே குற்றம் மரத்தில் என்று சொல்லப் போகிறேன். நேற்று மேஸ்திரி பெண்சாதி முனியம்மாள் வந்து, இன்னா நைனா, உன் பொம்மைப் பாலம் அலமாரி மேல குந்திக்கினு கீது, எங்க வூட்டுக்காரரு கட்னது மட்டும் ஏன் உயுந்துச்சு, அத்தச் சொல்லு போதும் என்றாள்.

அண்ணா, இது மர்சலின். முனியம்மாள் போனபின் நீ விட்டுப்போன புத்தகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். கட்டை எல்லாப் பக்கமும் பன்னிரண்டு மடங்கானால் எடைதான் ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு மடங்கு, பலம் கட்டையின் குறுக்குவெட்டைப் பொறுத்தது, அது நூற்று நாற்பத்து நாலு மடங்குதான். பாலம் தன்னைத் தானே சுமந்தது போக முப்பத்தெட்டு பேரைத்தான் தாங்கும், எவ்வளவு நல்ல மரம் போட்டிருந்தாலும். மாதிரி அப்பா நினைத்ததைக் காட்டியது, நினைக்காமல் விட்டதைக் காட்டவில்லை. மறைத்து எழுத மனம் வராமல் தாளை அவர் முன் வைத்தேன். மூன்று முறை போட்டுப் பார்த்தார், பெருக்கலில் பிழை தேடினார். பிறகு தேவானை எத்தனையாவது ஆளாக ஏறியிருப்பாள் என்று கேட்டார். தெரியாது என்றேன். மேலே நான் சொன்னதை அடிக்காதே, காஸ்பர் இரண்டையும் படிக்கட்டும் என்கிறார். இனி அவர் சொல்வது.

மகனே, திங்களன்று கணக்கு என்னுடையது என்று சொல்லிவிடுவேன். மேஸ்திரி விடுதலையாகி வீட்டுக்குப் போவான். நான் திரும்புவேனா தெரியாது, லீவு கேட்டு அம்மாவுக்குத் துணையாக வந்துசேர். அம்மாவின் முத்தமும் என் ஆசீரும் உன் தலைமேல் இருக்கட்டும். மர்சலினைப் பள்ளியிலிருந்து நிறுத்து என்று யார் சொன்னாலும் கேட்காதே.

உன் அப்பா,
ஞானதாஸ்