மயூர் விஹார் விலாசம்

14 ஜூலை 2025, திங்கள்

இன்றும் கேட் சாத்திவிட்டார்கள். உள்ளே பிரேயர் பாட்டு கேட்டது. மூன்றாவது முறை. ஐந்து முறை ஆனால் வீட்டிலிருந்து ஆள் வர வேண்டுமாம். அம்மா வரக்கூடாது. வந்தால் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

நரேலாவிலிருந்து ஸ்கூலுக்கு இரண்டு பஸ். முதல் பஸ் விடிகாலை 4.50க்கு; இரண்டாவது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 4.50க்கு ஸ்டாப்பில் நானும் இரண்டு நாயும்தான். நாய்களுக்குப் பயமில்லை.

அப்பா ராத்திரி காவல் வேலைக்குப் போய்விட்டார். அம்மா தூங்குகிறாள். பாத்ரூமில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஹிந்திப் புத்தகத்தின் அட்டைக்குள் சொருகிவிடுவேன். அதை இந்த வீட்டில் யாரும் தொடமாட்டார்கள், நான் உட்பட.

18 ஜூலை, வெள்ளி

ஒருமுறையாவது முழுசாக எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்ல முடியாது.

போன வருடம், டெல்லியில் நாங்கள் இருந்த தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்பை இடிக்கப் போகிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டியதும், கேம்ப் பிள்ளைகள் பெயரையெல்லாம் ஸ்கூலில் அடித்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அம்மா பயந்துவிட்டாள். அவள் வேலை செய்யும் மயூர் விஹார் வீட்டு சியாமளா மாமியிடம் அழுதிருக்கிறாள். மாமி தன் வீட்டுக்காரரிடம் சொல்ல, அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார் — நாங்கள் அவர் வீட்டில் தங்கியிருப்பதாக. அதிலிருந்து ஸ்கூலில் என் விலாசம் பி-204, மயூர் விஹார். நான் அந்த வீட்டைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் எல்லா ஃபாரத்திலும் எழுதி எழுதி மனப்பாடம்.

மாமியின் வீட்டுக்காரர் மகாதேவன் சார் சென்ட்ரல் கவர்மெண்டில் இருந்து ரிடையர் ஆனவர். ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார்: "இத வெச்சுண்டு யாரும் என்னத் தேடி வரப்படாது."

ஜூன் மாதம் கேம்பை இடித்து, எங்களை ஊருக்கு வெளியே இந்த நரேலாவுக்கு அனுப்பினார்கள். ஒருத்தர் பெயரையும் ஸ்கூலில் அடிக்கவில்லை.

24 ஜூலை, வியாழன்

சிசிலியா மிஸ் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். ஏதோ கம்பெனி கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கென்று ஸ்கூலுக்குப் பணம் கொடுத்திருக்கிறதாம். "ஒங்களுக்கு என்ன வேணும்னு எழுதுங்க மக்களே. பேரு வேண்டாம். ஐஸ்கிரீம்னு எழுதினா கிழிச்சுப் போட்டுருவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் இடது கையால் எழுதினேன், கையெழுத்து தெரியாமல் இருக்க: நரேலாவிலிருந்து ஒரு வேன். பஸ் 4.50க்கு. இருட்டாக இருக்கிறது.

30 ஜூலை, புதன்

நோட்டுக்கட்டை வைக்கப் போனபோது ஸ்டாஃப் ரூமில் சத்தம். நான் கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன்.

ஹெட்மாஸ்டர் பாலசுப்ரமணியம் சாருக்கு ஸ்மார்ட் போர்டு வேண்டும். "போட்டோ எடுத்து அனுப்பணும் டீச்சர். அவங்களுக்குப் பார்க்கிற மாதிரி ஒண்ணு வேணும்."

"போர்டப் பார்க்க முதல்ல பிள்ளை வரணுமே சார். கேட்டுக்கு வெளிய நிக்கித பிள்ளைக்கு போர்டு என்னத்துக்கு?" இது சிசிலியா மிஸ்.

பிறகு மிஸ் ஒரு சீட்டைப் படித்தார். என் சீட்டு.

நோட்டுக்கட்டைக் கதவோரம் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

8 ஆகஸ்ட், வெள்ளி

வேன் வருகிறது!

மிஸ் வகுப்பில் சொன்னார்: "உங்கள்ல யாரோ ஒரு கெட்டிக்காரி எழுதின சீட்டுதான் காரணம். ஆரு, சொல்லுங்க பாப்போம்?" நான் டெஸ்க்கில் இருந்த கீறலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் ஒரு ஆன்ட்டி, "க்யா ஹுவா?" — என்ன ஆச்சு — என்று கேட்டார்.

11 ஆகஸ்ட், திங்கள்

பட்டியல் ஒட்டினார்கள். இருபத்திரண்டு பெயர். ஸ்கூல் ரிஜிஸ்டரில் கேம்ப் விலாசம் உள்ளவர்களை அப்படியே எடுத்துவிட்டார்கள். கனிமொழி, அவள் தம்பி, எங்கள் சந்துப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள்.

நான் இல்லை. நான் ஃப்ளாட்டில் இருக்கும் பெண். ஸ்கூலுக்கு மெட்ரோவில் வரலாம்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "இன்னும் ஒண்ணரை வருசம். பத்தாவது முடிச்சிடு. யார் கேட்டாலும் வாயத் தொறக்காத. அந்த அய்யருக்குத் தெரிஞ்சா என் வேல போயிடும்டி." கொஞ்சம் கழித்து, "நான் என்னடி கண்டேன்" என்றாள். மாவிடம் சொல்வது போல.

18 ஆகஸ்ட், திங்கள்

இரண்டாவது பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். வேன் போனது. மஞ்சள் வேன். ஜன்னலோரம் கனிமொழி. அவள் கை காட்டினாள். அப்புறம் கையை இறக்கிவிட்டாள்.

அவர்களுக்குக் கழுத்தில் தொங்கவிட அட்டை கொடுத்திருக்கிறார்கள். நீல நாடா, போட்டோ, பெயர், ஏறும் இடம். மதியம் கனிமொழி அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, "என் போட்டோல தூங்கி எழுந்த மாதிரி இருக்கேன், சீ" என்றாள். எனக்காகத்தான் சொன்னாள். "ரெண்டு சீட் காலியாத்தான்டி வருது" என்றும் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒருநாள் ஏறிப் பார்க்கலாமா? டிரைவர் அண்ணா அட்டையைப் பார்த்துத்தான் ஏற்றுகிறாராம்.

3 செப்டம்பர், புதன்

கேட். நான்காவது முறை.

19 செப்டம்பர், வெள்ளி

எழுதலாமா என்று தெரியவில்லை. காலை பஸ்ஸில் ஒரு ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பஸ் முழுக்கக் காலி. எல்லா சீட்டும் காலி. நான் எழுந்து முன்னால் போனேன். அவனும் வந்தான். கண்டக்டர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் எந்த ஸ்டாப் என்றுகூடப் பார்க்காமல் இறங்கிவிட்டேன். அவன் இறங்கவில்லை. விடியும்வரை ஒரு பால் பூத் விளக்கின் கீழே நின்றேன்.

ஸ்கூலுக்குப் போகவில்லை. சாயங்காலம் அம்மாவிடம் "இன்னிக்கு கணக்கு டெஸ்ட் ஈஸிம்மா" என்றேன்.

26 செப்டம்பர், வெள்ளி

இந்த வாரம் இரண்டு நாள்தான் போனேன். மற்ற நாள் வயிற்று வலி. அம்மா ஓமத் தண்ணீர் கொடுக்கிறாள். குடிக்கிறேன்.

7 அக்டோபர், செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அட்டெண்டன்ஸைக் காட்டினார். "என்னட்டி இது? மெட்ரோவுல வார பிள்ளைக்கு இத்தன லீவா?" திட்டியிருந்தால் பேசாமல் நின்றிருப்பேன். ஆனால் தன் டிஃபனைத் திறந்து பாதி இட்லியை மூடியில் வைத்துத் தள்ளினார். அவ்வளவுதான், அழுகை வந்துவிட்டது. கேம்ப், கடிதம், 4.50 பஸ், அந்த ஆள், இடது கை — எல்லாவற்றையும் சொன்னேன்.

மிஸ் அட்டெண்டன்ஸை மூடி வைத்தார். "அந்தச் சீட்டு நீயா?" என்றார். அப்புறம், "ரெண்டு சீட் காலியாத்தான கெடக்கு. நான் பார்த்துக்கிடுதேன். பயப்படாத" என்றார்.

இன்று நன்றாகத் தூங்குவேன் என்று நினைக்கிறேன். தப்பு செய்துவிட்டேனோ?

9 அக்டோபர், வியாழன்

தப்புதான்.

பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டுமானால் விலாசத்தைச் சரி பார்க்க வேண்டும், கம்பெனிக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் மயூர் விஹாருக்கே போன் செய்திருக்கிறார். மகாதேவன் சார் எடுத்து, அப்படி யாரையும் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். கடிதத்தில் இருப்பது தன் கையெழுத்தே இல்லையாம்.

அம்மா அங்கேதான் தரை துடைத்துக்கொண்டிருந்தாளாம். போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாராம். பேப்பரைப் பிரித்துக்கொண்டாராம். அம்மாவும் துடைத்து முடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

13 அக்டோபர், திங்கள்

அம்மா ஸ்கூலுக்கு வந்தாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு.

ஹெட்மாஸ்டர் கத்தவில்லை. "கேம்ப் விலாசத்தையே விட்டிருந்தா முதல் பேரே இவளுதாம்மா" என்றார். "இப்ப கையெழுத்து பொய்னு ஆயிடுச்சு. மேல எழுதினா அவர் மேலயும் வரும், உங்க மேலயும் வரும். பேசாம டி.சி. வாங்கிக்கிறது நல்லது."

சிசிலியா மிஸ், "சார், ஒரு வாரம் பொறுங்க, நான் கம்பெனியில பேசுதேன்" என்றார். அம்மாவைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா, அந்த சாரே எழுதிக் குடுத்தாருன்னு" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள். "அவர் எழுதித் தரல டீச்சர். நான்தான் யாரையோ வெச்சு எழுதிக்கிட்டேன்" என்றாள்.

கைநாட்டு வைக்க மைப்பெட்டி கேட்டாள். என் டி.சி.க்கு.

பஸ்ஸில் வரும்போது, "வேல போனா நாலு பேரும் என்னத்தத் தின்றது" என்றாள். நாங்கள் மூன்று பேர்தான். ஊரில் இருக்கும் ஆயாவுக்கு அனுப்புவதையும் சேர்த்துச் சொல்கிறாள். அவளாகவே சொல்லிக்கொண்டு வந்தாள்.

22 அக்டோபர், புதன்

தீபாவளி முடிந்தது. கனிமொழி முறுக்கு கொண்டு வந்தாள். பட்டியலில் இன்னும் இருபத்திரண்டு பேர்தானாம். காலி சீட்டில் பையன்கள் பையை வைத்துக்கொள்கிறார்களாம். சிசிலியா மிஸ் என்னை விசாரித்தாராம். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "நல்லா இருக்கான்னு சொன்னேன்" என்றாள்.

6 நவம்பர், வியாழன்

இங்கே பக்கத்து ஸ்கூலுக்குப் போனோம். ஹிந்தி மீடியம். தமிழ் கிடையாது. வருஷ நடுவில் ஒன்பதாவதில் சேர்க்க முடியாது, ஏப்ரலில் வாருங்கள் என்றார்கள். அம்மா "அச்சா ஜி, அச்சா ஜி" என்று தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

"அதுவரைக்கும் வீட்டுல தனியா இருக்க வேணாம். என்கூட வா" என்றாள். அவளுக்குத் தோள்பட்டை வலி. மாமியிடம் பேசிவிட்டாளாம்.

17 நவம்பர், திங்கள்

4.50 பஸ்ஸில்தான் போனோம். அம்மா பக்கத்தில் இருந்ததால் பயமில்லை.

பி-204 இரண்டாவது மாடி. கதவில் பித்தளை எண். நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது. பெல்லை நான்தான் அடித்தேன்.

சியாமளா மாமி கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவ்ளோ ஒசரமா இருக்கியே? செருப்ப வெளியிலயே விட்டுடு" என்றார். மகாதேவன் சார் பேப்பரை இறக்கவில்லை.

நான் பாத்திரம் விளக்கினேன். அம்மா தரை. கிளம்பும்போது மாமி சமையலறையில் ஒரு கவரை என் கையில் திணித்தார். "போன மாசமே தபால்ல வந்தது. மாமா கண்ல படாம எடுத்து வெச்சேன்." என் அரையாண்டு ரிப்போர்ட். மேலே டைப் அடித்த என் பெயர், அதன் கீழே பி-204. தமிழில் 91. வருகைக்கு எதிரே சிவப்பில் கோடு.

கீழே இறங்கினால் கேட்டில் செக்யூரிட்டி அண்ணா நிறுத்தினார். வேலைக்கு வருகிறவர்களுக்கு அட்டை இல்லாமல் நாளையிலிருந்து உள்ளே விடமாட்டார்களாம். சுவரோரம் நிற்க வைத்து மொபைலில் போட்டோ எடுத்தார். பத்து நிமிஷத்தில் அட்டை வந்துவிட்டது. நீல நாடா. போட்டோ, பெயர் செவ்வந்தி, வீடு பி-204.

பஸ்ஸில் அம்மா அதை வாங்கிக் கட்டை விரலால் துடைத்துப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"போட்டோ நல்லா விழுந்திருக்குடி" என்றாள்.