அத்தருக்கு அடியில் இருந்த நாத்தம்

இன்று ஆம்பூர் பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்ற பாய் மல்லிகை அத்தர் பூசியிருந்தார். சட்டென்று உன் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ, அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார். செத்தும் எனக்குக் கெட்ட பேர் வாங்கித் தருகிறாய்டி.

ஷூ கம்பெனியில் நீ செக்கிங் டேபிள், நான் பக்கத்தில் தையல் மிஷின். கடுகளவு கறை இருந்தாலும் அந்தத் தோலைத் தூக்கிக் கடாசுவாய். "கண்ணு இன்னாத்துக்குய்யா வச்சிருக்க?" என்று சூப்பர்வைசரையே கேட்டவள். அப்பேர்ப்பட்ட மகாராணி, கறை பட்ட உன் பாவாடையை மட்டும் வீடு விழிக்கும் முன்னே துவைத்து, துண்டுக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்டாய்.

தீட்டு நின்று வருஷங்கள் போன பிறகு உனக்குத் தண்ணி தண்ணியாய்ப் பட ஆரம்பித்தது. அப்புறம் லேசாய் ரத்தம் கலந்து, நாத்தத்தோடு. தோல் பதனிடுகிற நம் ஊரில் நாத்தத்துக்கா பஞ்சம்? பச்சைத் தோல் லாரி போனால் நாறும், கால்வாய் ஓரம் நடந்தால் நாறும். துணி நாறினால் தோல் நாத்தம் ஒட்டிக்கிச்சு என்று சொல்லி முடித்துவிடுவோம். நீயும் அதையேதான் சொன்னாய். சொல்லிவிட்டு, புடவையில் அத்தரைத் தடவிக்கொண்டு வேலைக்கு வந்தாய். இந்த வயசில் தோஸ்த் பிடித்துவிட்டாயா என்று கேட்டேன். "உனக்கும் ஒருத்தன் பாக்கட்டுமா?" என்றாய்.

கலவை ஊர்ப் பக்கம் ஒரு வைத்தியன். அவன் மூஞ்சில் என் செருப்பு. உன்னை ஒரு வார்த்தை கேட்காமல், உன் புருஷனிடமே பேசி, சூடு ஜாஸ்தி, எலும்பு உருகி வெள்ளையாய்ப் போகுது என்று சூரணம் கொடுத்தான். எலும்பு உருகினவளா ஓடிப்போய் பஸ் பிடித்து ஷிஃப்டுக்கு வந்தாள்? உன் மாமியார் பங்குக்கு வெந்தயம். உன் புருஷன், அது பொம்பளைங்க சமாச்சாரம் என்று டீக்கடைக்கு நடையைக் கட்டினான். அவனுக்குப் பல்வலி வந்தால் மட்டும் தெருவே கூடி நிற்க வேண்டும். நீயோ வெந்நீரில் கிருமி மருந்து கலந்து உள்ளே ஊற்றி ஊற்றிக் கழுவினாய்.

ரத்தம் நிற்காமல் போனபோதுதான் வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கர்ப்பப்பை வாயில் கட்டி, பரவிவிட்டது என்றார்கள். "தோல் நாத்தம்னு நெனச்சேன் டாக்டரம்மா" என்றாய். அந்தம்மா சிரிக்கவில்லை. என்னைத் தனியே உட்கார வைத்துச் சொன்னாள். தீட்டு வருகிற வயசில் வெள்ளை படுவது வியாதியே இல்லை. ஒரு சமயம் முட்டை வெள்ளைக்கரு மாதிரி, ஒரு சமயம் கெட்டியாய், மாசத்துக்குள்ளேயே மாறும். உள்பக்கம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், எதையும் ஊற்றக் கூடாது. தயிர் மாதிரி திரண்டு அரித்தால், நிறம் மாறி நாறினால் வந்து காட்டணும். தீட்டு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே வரணும். இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகவில்லை. நம்மைச் சுற்றி இத்தனை வாய் இருந்தும் ஒருத்தர் சொன்னதில்லை.

போன வருஷம் எனக்கும் பட்டது. லேசாய் ரத்தம். மறுநாளே ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். என்ன தொந்தரவு என்று நர்ஸ் கேட்க, முன்னால் நின்றவளுங்க எல்லாம் அவள் காதில் குனிந்து "அது... அந்த இது" என்றார்கள். பெத்ததுக்கெல்லாம் பேர் வைத்தவளுங்களுக்கு இதுக்குப் பேர் சொல்ல நாக்கு வரவில்லை. வெட்கமாம். அந்த வெட்கம் உன்னைச் சுடுகாடு வரைக்கும் கொண்டுபோய் விட்டது, உன் பாடையைத் தூக்கிப்போன நாலு பேரைக் கேட்டால் தெரியும். நான் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "தீட்டு நின்னவ. வெள்ளையோட ரத்தம் படுது." எவளோ தலையில் அடித்துக்கொண்டாள்.

டெஸ்ட் எடுத்தார்கள். கெட்டது ஒன்றுமில்லை, உள்ளே காய்ந்து புண்ணாகியிருக்கு என்று களிம்பு கொடுத்தார்கள். நான் பிழைத்த கதை அவ்வளவுதான்.

ஆனால் அந்த வரிசையில், பெயர் சொல்லிக் கூப்பிடும் முன்னால், பின்னாலிருந்து ஒருத்தி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கழுத்தெல்லாம் பவுடர் அப்பியிருந்தாள். நீ விட்டுப்போன மூக்குதானே எனக்கு, பவுடருக்கு அடியில் என்ன என்று அது கண்டுபிடித்துவிட்டது.

"அக்கா, எங்கிட்ட நாத்தம் தெரியுதா?" என்றாள், உதடு மட்டும் அசைய.

"தெரியுது. எனக்கு முன்னால போய் நில்லு" என்றேன்.